240 ஸ்டிம்பாக்கைத் தூக்கிக்கொண்டு அப்பலாச்சியாவில் அலைய வேண்டாம்

கேள்வி: அணுப்போருக்குப் பிந்தைய அப்பலாச்சியாவில் நடக்கும் ஃபால்அவுட் 76 என்ற இணைய ஆட்டத்தில் 70-ஆம் நிலையில் இருக்கிறேன். கையில் 240 ஸ்டிம்பாக் (காயம் ஆற்றும் ஊசி), 110 ராட்அவே (கதிர்வீச்சை நீக்கும் மருந்து), நிறைய சுத்திகரித்த தண்ணீர், சமைத்த இறைச்சி இருக்கின்றன. சுமை வரம்பைத் தாண்டிவிட்டதால் வரைபடத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உடனே போக முடியவில்லை. சேமிப்புப் பெட்டியும் நிரம்பிவிட்டது. ஆட்டத்தில் பழக்கமான ஒருவர், தன் வேறொரு கணக்கில் என் மருந்துகளை வைத்துக் காப்பதாகச் சொல்கிறார். பத்தில் ஒரு பங்கு கூலியாம். ஆயுதப் பழுது கிட் 50-ஐக் குறைந்த பணத்துக்குத் தருவதாகவும் சொல்கிறார், ஆனால் அதற்கு என் கணக்கின் கடவுச்சொல் வேண்டுமாம். நம்பலாமா? மாதச் சந்தா கட்டினால் இடப் பிரச்சினை தீருமா?

பதில்: கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

அந்த நபர் சொல்வது பொய் என்பதற்கு ஒரே ஒரு விஷயம் போதும். பழுது கிட்டை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கவே முடியாது. விற்கவும் முடியாது, கீழே போடவும் முடியாது. உங்கள் கதாபாத்திரத்தின் பையில் வந்த கிட் அங்கேயேதான் இருக்கும். அப்படியிருக்க 50 கிட்டை அவர் எந்த வழியில் உங்களிடம் சேர்ப்பார்? அவருக்கு வேண்டியது உங்கள் கணக்கு. அதில் இருக்கும் ஆயுதங்கள், மூடிகள் (ஆட்டத்தின் நாணயம்), சீரம்கள் (உடலில் மாற்றம் ஏற்றும் மருந்துகள்) எல்லாம் ஒரே இரவில் காலியாகிவிடும். ஆட்டப் பொருளை உண்மையான பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் நிறுவனத்தின் விதிகளுக்கு எதிரானவை. கணக்கு முடக்கப்பட்டால் நீங்கள் போய் முறையிட இடமிருக்காது.

மருந்தைக் காப்பாற்றித் தருகிறேன் என்பதும் இதே கதைதான். இந்த ஆட்டத்தின் வர்த்தகத் திரையில் பொருளுக்கு மூடிகளைத் தரலாம். பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்ள வழியே இல்லை. 2018 நவம்பரில் ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்து ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பொருளை வைத்து, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் மாற்றிவிடும் ஒரு சாதாரணத் திரை, அவ்வளவுதான் கேட்டது. அது இல்லாத இடத்தில்தான் நடுவர் என்றும் தூதர் என்றும் சொல்லிக்கொண்டு தரகர்கள் நுழைந்தார்கள். அவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் யார் நேர்மையானவர் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எனக்கே நடந்தது. ஒரு துப்பாக்கிக்குப் பதிலாக இன்னொரு துப்பாக்கியை மாற்றிக்கொள்ள ஒரு நடுவரை நம்பினேன். என் முகாமின் சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் அவருடைய கதாபாத்திரம் நின்றது. என் துப்பாக்கியைச் சுழியம் மூடிக்கு அவரிடம் கொடுத்தேன். கையை உயர்த்தி நன்றி சொல்வதுபோல ஒரு சைகை காட்டினார். அடுத்த நொடி அவர் நின்ற இடத்தில் புல் மட்டும்தான் இருந்தது. ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார். ஓர் உலகத்தில் அதிகபட்சம் 24 பேர்தான் இருப்பார்கள். அப்படிப்பட்ட எண்ணற்ற உலகங்களில் அவரை எங்கே தேடுவது? ஆறு மாதம் தேடி எடுத்த துப்பாக்கி அது. உங்கள் 240 ஸ்டிம்பாக்குக்கும் அதுதான் நடக்கும்.

அப்படியானால் மருந்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் ஒரு பயத்தை விடுங்கள். நீங்கள் இறந்தால் கீழே விழுவது இரும்பு, மரம் போன்ற உடைசல் பொருட்கள் மட்டுமே. மருந்து உங்களிடமே இருக்கும். எனவே பறிபோய்விடும் என்று பதுக்கத் தேவையில்லை. ஸ்டிம்பாக் இந்த ஆட்டத்தில் அரிய பொருளும் அல்ல. 'பார்மா ஃபார்மா' என்ற பெர்க் கார்டை (கதாபாத்திரத்துக்குத் தனித்திறன் தரும் அட்டை) போட்டுக்கொண்டு முதலுதவிப் பெட்டிகளைத் திறந்தாலே ஒரு மாலை நேரத்தில் செலவழித்ததைவிட அதிகம் திரும்பக் கிடைத்துவிடும். நான் எப்போதும் 30 ஸ்டிம்பாக், 10 ராட்அவேக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பெரிய ராட்சத விலங்குகளோடு மோதும்போதும் அது தீர்ந்ததில்லை.

மிஞ்சியதை விற்றுவிடுங்கள். ரயில் நிலையங்களில் இருக்கும் இயந்திர வியாபாரிகளிடம் 20 மணி நேரத்துக்கு மொத்தம் 1,400 மூடிகள்தான் இருக்கும். எந்த நிலையத்தில் விற்றாலும் அதே கல்லாப்பெட்டிதான். ராட்அவேயும் சுத்திகரித்த தண்ணீரும் அந்த 1,400-ஐ வாங்கித் தந்துவிடும். உங்கள் முகாமில் விற்பனை இயந்திரம் வைத்தால் மற்ற ஆட்டக்காரர்களும் வாங்குவார்கள். விற்ற விலையில் 10 சதவீதத்தை ஆட்டம் எடுத்துக்கொள்ளும். தரகர் கேட்ட அதே பத்தில் ஒரு பங்கு! ஆனால் இங்கே மீதித் தொகை உறுதியாக உங்கள் பைக்கு வரும்.

வைத்துக்கொள்ளும் மருந்தின் எடையைக் குறைக்க 'டிராவலிங் பார்மசி' கார்டு இருக்கிறது. அதை முழு நிலைக்கு உயர்த்தினால் மருந்துகளின் எடை 90 சதவீதம் குறையும். நூறு எடை பத்தாகிவிடும். உணவுக்கும் தண்ணீருக்கும் 'த்ரூ-ஹைக்கர்' அதையே செய்கிறது. இறைச்சியைச் சமைத்துச் சேர்த்து வைக்காதீர்கள், பெட்டிக்குள் இருந்தாலும் அது கெட்டுப்போகும். தண்ணீர் கெடாது.

இனி ராட்அவே. 110 இருக்கிறது என்று நினைத்த நேரமெல்லாம் எடுத்துக் குடித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்பதுதான் என் கவலை. உங்களுக்கு மியூட்டேஷன் (கதிர்வீச்சாலோ சீரத்தாலோ உடலில் வரும் மாற்றம்) ஏதாவது இருந்தால், கதிர்வீச்சை நீக்கும் அதே ராட்அவே அந்த மியூட்டேஷனையும் நீக்கிவிடக்கூடும். ஒரு முறை குடித்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். இன்னொரு முறை, உயரக் குதிக்க உதவிய மியூட்டேஷனே காணாமல் போயிருக்கும். பாறை மேல் ஏறப் போய்க் கீழே நின்றுகொண்டு, ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தவர்கள் ஏராளம். இதற்குத் தீர்வு 'ஸ்டார்ச்டு ஜீன்ஸ்' என்ற கார்டு. அதில் இரண்டு நிலைகள் உண்டு. இரண்டாம் நிலைக்கு உயர்த்தினால்தான் முழுப் பாதுகாப்பு. முதல் நிலையோடு நின்றுவிட்டால் ஆபத்து குறையுமே தவிரப் போகாது. கார்டு கையில் இருந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது போடப்பட்டிருக்க வேண்டும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். மருந்து தயாரிக்கவோ ஆயுதம் பழுதுபார்க்கவோ வேறு கார்டுகளைப் போட்டிருப்பார்கள். அல்லது கார்டு அடுக்கையே மொத்தமாக மாற்றியிருப்பார்கள். புதிய அடுக்கில் ஸ்டார்ச்டு ஜீன்ஸ் இருக்காது. வழியில் கதிர்வீச்சு ஏறியிருக்கும். பழக்கத்தில் ராட்அவேயைக் குடித்துவிடுவார்கள். எனவே உங்களிடம் எத்தனை கார்டு அடுக்குகள் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் இந்தக் கார்டை இரண்டாம் நிலையில் வையுங்கள். ஒன்றில்கூட விட்டுவிடாதீர்கள். அதே கார்டு இன்னொரு வேலையும் செய்கிறது: கதிர்வீச்சால் புது மியூட்டேஷன் வராமலும் தடுக்கும். சீரம் எடுத்துப் புது மியூட்டேஷன் ஏற்றுவதற்கு அது தடையில்லை. நீர்த்த ராட்அவே லேசானதுதானே என்று எண்ணி இந்தக் கார்டு இல்லாமல் குடிக்காதீர்கள், அதுவும் ராட்அவேதான்.

சந்தா பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபால்அவுட் ஃபர்ஸ்ட் சந்தா 2019 அக்டோபரில், மாதம் 12.99 டாலர் என்று வந்தது. அதில் கிடைக்கும் எல்லையில்லாப் பெட்டி உடைசல்களுக்கு மட்டும். பிறகு வந்த தோட்டாப் பெட்டி தோட்டாக்களுக்கு மட்டும். உங்கள் ஸ்டிம்பாக் இரண்டிலும் போகாது. மருந்துக்காக மட்டும் சந்தா கட்டுவதாக இருந்தால் கட்டாதீர்கள். உங்கள் சேமிப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதை நிரப்பியிருப்பது இரும்பும் மரமும் என்றால் கணக்கு வேறு. சேமிப்புப் பெட்டி 400 எடையில் தொடங்கி, ஆட்டக்காரர்கள் மன்றாடி மன்றாடி 1,200 வரை வந்தது. முதலிலேயே போதிய இடம் கொடுத்திருந்தால் பதுக்கும் பழக்கமும் வளர்ந்திருக்காது, பாதுகாத்துத் தருகிறேன் என்று கிளம்புகிறவர்களும் வந்திருக்க மாட்டார்கள். இதை எத்தனை முறை சொல்வது என்று எனக்கே அலுத்துவிட்டது.

பழுது கிட்டிலும் அதே வருத்தம்தான். ஆட்டக் கடையில் அலங்காரப் பொருட்கள் மட்டுமே பணத்துக்கு விற்கப்படும் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். 2019 ஏப்ரலில் பழுது கிட் அந்தக் கடைக்குள் வந்துவிட்டது. அதை வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சாதாரண கிட் ஆயுதத்தை 100 சதவீதம் வரைதான் சரிசெய்யும். மேம்பட்ட கிட் 150 சதவீதம் வரை கொண்டுபோகும். உங்கள் முகாமில் இருக்கும் ஆயுதப் பட்டறையில், 'வெப்பன் ஆர்டிசன்' கார்டை முழு நிலையில் போட்டுக்கொண்டு உடைசல்களைச் செலவழித்துப் பழுதுபார்த்தால் 200 சதவீதம். ஒரு காசு செலவில்லை. துப்பாக்கி இரண்டு மடங்கு காலம் உழைக்கும். கவசத்துக்கு 'ஃபிக்ஸ் இட் குட்' என்று தனிக் கார்டு இருக்கிறது.

சண்டை நடுவில் ஆயுதம் உடைந்தால் கைகொடுக்க இரண்டு மூன்று கிட் பையில் இருப்பது நல்லதுதான். அதை வாங்க வேண்டாம். யாராவது அணுகுண்டு ஏவி ஸ்கார்ச்பீஸ்ட் ராணி என்ற பறக்கும் ராட்சத விலங்கை வெளியே கொண்டுவரும்போது வரைபடத்தில் 'ஸ்கார்ச்டு எர்த்' என்று தெரியும். யார் வேண்டுமானாலும் போய்ச் சேரலாம், உங்கள் 70-ஆம் நிலை தாராளமாகப் போதும். கதிர்வீச்சைத் தாங்க உதவும் ராட்-எக்ஸ் மருந்து ஒன்றை முன்பே எடுத்துக்கொண்டு போங்கள். ராணியை நீங்களும் சுட்டிருக்க வேண்டும். அவள் விழுந்த பிறகு அவசரப்பட்டு வேறிடம் போய்விடாமல், உடல் விழுந்த இடத்துக்கு நடந்து போய்த் தேடுங்கள். மேம்பட்ட கிட் அவளிடம் கிடைக்கும்.