ஏற்காடு ஓட்டிய கைக்கு எந்த வண்டி?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சேலம் அம்மாபேட்டையிலிருந்து கனடாவின் பிராம்ப்டன் வந்து முதல் குளிர்காலம் வரப்போகிறது. 2023 ஹோண்டா சிஆர்-வி, 2023 டொயோட்டா ராவ்4 இரண்டையும் பழைய வண்டியாகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்காடு மலை ஓட்டிய கை, அம்மா அப்பாவும் வருகிறார்கள், எதை எடுக்கலாம்?

நான் இப்போது லீவில் அஸ்தம்பட்டி வீட்டில்தான் இருக்கிறேன். நேற்று மச்சானின் பிரெஸ்ஸாவில் ஏற்காடு போய் வந்தோம். அந்த 20 கொண்டை ஊசி வளைவில் பிக்கப் இல்லாத வண்டி என்ன பாடுபடும் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் எஞ்சினைப் பற்றியே சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிராம்ப்டனில் மலையே கிடையாது, அந்தக் கவலையை விடுங்கள். சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போ 190 குதிரைத்திறன், ராவ்4-இன் 2.5 லிட்டர் எஞ்சின் 203. 401 நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு இரண்டும் தாராளம். அழுத்தி மிதித்தால் ராவ்4 கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.

நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். ராவ்4 சுமார் 4.6, சிஆர்-வி 4.7 மீட்டர். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவருக்கு டிரைவ்வேயில் (வீட்டு முன் வண்டி நிறுத்தும் இடம்) வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும். டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். என்னைக் கேட்டால் டெஸ்ட் டிரைவுக்கு முன்பே இதைக் கேட்க வேண்டும். சேலத்தில் பிரீமியம் பெரும்பாலும் வண்டியைப் பொறுத்தது. அங்கே உங்களைப் பொறுத்தது, நீங்கள் இருக்கும் ஏரியாவையும் பொறுத்தது. ஒன்டாரியோ மாகாணத்திலேயே பிரீமியம் அதிகமான ஊர்களில் பிராம்ப்டனும் ஒன்று. ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டியதற்குச் சான்றிதழ் இருந்தால், ஜி1 (பழகுநர் உரிமம்) எழுத்துத் தேர்வுக்குப் பிறகு காத்திருக்காமல் நேராக ஜி (முழு உரிமம்) ரோடு டெஸ்டுக்குப் போகலாம். ஆனால் பிரீமியம் போடும்போது பெரும்பாலான கம்பெனிகள் அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, கனடாவில் அதிகம் திருடு போகும் வண்டிகளின் பட்டியலில் இந்த இரண்டும் மாறி மாறி மேலே வருகின்றன. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வாசலிலிருந்தே பிடித்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் டிராக்கிங் கருவி பொருத்தினால்தான் சரி, இல்லாவிட்டால் கூடுதல் பணம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. இரண்டு வண்டியின் வின் நம்பரையும் (வண்டியின் அடையாள எண்) ஒரு இன்சூரன்ஸ் புரோக்கரிடம் கொடுத்து, பிரீமியம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

மைலேஜில் பெட்ரோல் வண்டிகள் இரண்டும் கிட்டத்தட்ட சமம்: 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் சொச்சம், நம்ம கணக்கில் லிட்டருக்கு 12. ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) என்றால் 6 லிட்டரை ஒட்டி வரும், 16 கிடைக்கும். குளிரில் எல்லாமே குறையும்.

அம்மா அப்பா வருவதால் பின்சீட்டுக்கு நான் அதிக மார்க் கொடுப்பேன். சிஆர்-வியின் பின்கதவு கிட்டத்தட்ட செங்குத்தாகத் திறக்கும். கால் வைக்கும் இடம் 41 அங்குலம், ராவ்4-இல் 38-க்கும் கொஞ்சம் குறைவு. புடவையும் அதன்மேல் கனமான கோட்டும் போட்டுக்கொண்டு, மூட்டுவலியோடு ஒருவர் ஏறி இறங்கும்போது அந்த மூன்று அங்குலத்தின் அருமை தெரியும். ஷோரூமுக்குப் போகும்போது அம்மா உயரத்தில் யாரையாவது கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்தால் போதாது, குளிர்கால பூட்ஸோடு.

பழைய வண்டி என்பதால் வண்டியைத் தூக்கும் ஹாய்ஸ்டில் ஏற்றி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பு இரும்பைத் தின்றுவிடும். 2019-2021 ராவ்4 ஹைப்ரிட்டில் பின் மோட்டாருக்குப் போகும் கேபிள் முனை துருப்பிடித்தது பரவலான புகார். கம்பெனியே வாரண்டியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஹோண்டாவின் 1.5 டர்போவில், 2017-2018 வாக்கில், கடுங்குளிரில் குட்டித் தூரமே ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும் என்ற புகார் இருந்தது. நீங்கள் பார்ப்பது 2023 மாடல்தான். இருந்தாலும் ஆயில் குச்சியை உருவி அளவு கோட்டுக்கு மேலே நிற்கிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

என் ஓட்டு சிஆர்-விக்கு. தினமும் வேலைக்கு வெகுதூரம் போகிற ஆள் என்றால் மட்டும் ராவ்4 ஹைப்ரிட் தேடுங்கள்.

எதை எடுத்தாலும் பனி டயருக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி), வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துவிடும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு முன்பே செகண்டுக்கு வந்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திருப்புவோமே, பனியிலும் அதே வேலைதான். அந்த விஷயத்தில் உங்கள் கை தேறிய கை. இடது கால்தான் தொல்லை: முதல் வாரம் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதிக்கும். அதைப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒன்டாரியோவில் டீலர் விளம்பர விலையில் எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். 13 சதவீத வரியும் லைசென்ஸ் கட்டணமும் மட்டும் தனி. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால் திருப்பித் தர சட்டம் இடம் கொடுக்காது. இங்கே ஐந்து ரோடு பக்கம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வருவோமே, அது அங்கே நடக்காது. ஒப்பந்தத்தைப் படம் எடுத்து முதலில் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.