தங்கையின் தயக்கம் வீண் பயமல்ல

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு வேலைக்குச் செல்லும் தங்கை, இருப்பிடம் கேட்கும் செயலிகளுக்கு அனுமதி தர அஞ்சுகிறார் என்றும், எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்த உங்களுக்கு எதுவும் நேராததால் அது வீண் பயமாகத் தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நான் அப்படிக் கருதவில்லை. மாலைப் பேருந்திலிருந்து இறங்கி, தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் தனியே நடக்கும் பெண் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்ற விவரம் பிறர் கைக்குப் போவதில், ஆண்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கத் தேவைப்படாத ஆபத்து இருக்கிறது.

அதற்காக அனைத்தையும் அணைத்துவைக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் செயலிகளுக்குத் தோராயமான இருப்பிடத்தை மட்டும் தர முடியும். வானிலைச் செயலிக்கு அதுவே போதும். வாடகை வண்டிச் செயலிக்குத் துல்லியமான இடம் தேவை, எனினும் பயன்படுத்தும்போது மட்டும் என்ற அனுமதியைத் தேர்ந்தெடுக்கட்டும். வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் ஆகிய அளவுகளில் அனுப்பலாம். வீடு சேர்ந்ததும் அவரே நிறுத்திவிடலாம். சிக்னல் கிடைக்காத மலை வளைவுகளில், வரைபடத்தில் அவரைக் காட்டும் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும், உடனே பதறிவிடாதீர்கள். யாருக்கு, எப்போது அனுப்புவது என்பதைத் தங்கையே முடிவு செய்யட்டும். அண்ணன் என்ற உரிமையில் நாள் முழுவதும் கண்காணிக்கும் வசதியைக் கேட்காதீர்கள்.