ஏற்றத்தில் உதறும் பழைய ஆர்.வி.

கேள்வி: 1999 மாடல் ஃபோர்டு இ-450 சேஸிஸில் கட்டிய மோட்டார்ஹோம் (ஆர்.வி., அதாவது வீடு போல வசதி செய்த வண்டி) ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். வி10 பெட்ரோல் எஞ்சின், 62,000 மைல்தான் ஓடியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் போகும் வழியில் கிரேப்வைன் ஏற்றத்தில் வண்டி உதறுகிறது, ‘ஓவர்டிரைவ் ஆஃப்’ (உச்ச கியரை அணைத்ததைக் காட்டும்) விளக்கு மினுக்குகிறது. மெக்கானிக் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார். இவ்வளவு பழைய எஞ்சினை நம்பி அந்தச் செலவு செய்யலாமா?
- வாசகர், சான் ஹோசே

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த விளக்கு மினுக்கினால் வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு பிழைக் கோட் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம், அதைப் படித்துப் பார்க்காமலேயே கியர்பாக்ஸை இறக்கச் சொன்னாரா உங்கள் மெக்கானிக்? பி0741 என்று வந்தால் சிக்கல் பெரும்பாலும், எஞ்சின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் கிளட்ச் பக்கம்தான். சில சமயம் கீழே கியர்பாக்ஸின் ஒயர் கனெக்டரில் பிடித்த துரு கூட இந்த ஆட்டம் காட்டும்.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். சமதளத்தில், வண்டி நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கில் போட்டு கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் கருகல் வாடையோடு இருந்தால் சூட்டில் வெந்துபோயிருக்கிறது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை (பான்) கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தையும் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் மசி மாதிரி ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம், பயப்பட வேண்டாம். பிசிறு பிசிறாக உலோகத் துண்டு கிடந்தால் மெக்கானிக் சொல்வது சரி. துண்டு இல்லையென்றால் ஃபில்டரை மாற்றி மெர்கான் வி என்ற கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றி ஓட்டிப் பாருங்கள், ஆனால் பானில் இருப்பதை மட்டும் வடித்தால் பாதிக்கு மேல் பழைய ஆயில் கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும், அதையும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

கிரேப்வைன் உச்சி 4,144 அடி. ஆறேழு டன் வண்டியை ஓவர்டிரைவிலேயே அங்கே ஏற்றினால் எந்த கியர்பாக்ஸும் வெந்துதான் போகும். அடிவாரத்திலேயே ஓவர்டிரைவை அணைத்துவிட்டு, வலது ஓர லேனில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறுங்கள். எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் அலறும். அலறட்டும், அந்த எஞ்சின் அதற்குத்தான் செய்தது.

எஞ்சினைப் பொறுத்தவரை 62,000 மைல் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடத்துக்கு இவ்வளவு குறைவாக ஓடியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது, நின்றே கிடந்த வண்டியில் ஹோஸ், பெல்ட், சீல் எல்லாம் காய்ந்திருக்கும். மாதம் ஒரு முறை வாசலில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அது எஞ்சின் ஆயிலில் ஈரம் சேர்ப்பதற்குத்தான் உதவும், இருபது மைலாவது ஓட்டிவிட்டு வாருங்கள். அந்தக் காலத்து வி10-இல் ஸ்பார்க் பிளக்கைப் பிடிக்கும் மரை மிகக் குறைவு, பிளக் வெளியே தெறித்த கதைகள் உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.

சரி, டயர் பார்த்தீர்களா? பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளுக்குக் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், அதில் பின் இரண்டும் தயாரான வருடம். ஏழு வருடம் தாண்டியிருந்தால் கியர்பாக்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.