முன்பாயை மலிவாகச் சுருட்டுவது: கேள்வி-பதில்

18 அடிப் பாய்மரப் படகு. ஃபர்லர் (முன்பாயைச் சுருட்டும் கருவி) வாங்கக் காசில்லை. படகின் மூக்குவரை போகாமல் ஜிப்பை (முன்பாயை) இறக்க வழி உண்டா?

டவுன்ஹால், அதாவது பாயைக் கீழே இழுக்கும் கயிறு, கட்டுங்கள். பாயின் தலையில் 4 மி.மீ. கயிறு, அதை ஹேங்க்குகளுக்குள் (பாயை ஃபோர்ஸ்டேயில், அதாவது பாய்மரத்திலிருந்து மூக்குக்கு வரும் கம்பியில், மாட்டும் கொக்கிகள்) விட்டு, அடியில் ஒரு கப்பி வழியாக காக்பிட்டுக்கு (ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்கு) கொண்டுவர வேண்டும். படகு நீளத்தில் இரண்டு மடங்கு கயிறு, ஒரு கப்பி, கயிற்றைப் பிடித்து நிறுத்த ஒரு கிளீட், அவ்வளவுதான். முதலில் ஹாலியார்டை (பாயை ஏற்றும் கயிற்றை) விடுங்கள், பிறகு இழுங்கள். ஃபர்லர் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

ஃபர்லரின் டிரம்மில் (கயிறு சுற்றும் உருளையில்) எத்தனை சுற்றுக் கயிறு?

காற்றில்லாத நாளில் பாயைச் சுருட்டி எண்ணுங்கள். அதற்கு மேல் 5, 6 சுற்று கூடுதலாக இருக்கட்டும். பலத்த காற்றில் சுருள் இறுகும். ஷீட்டும் (பாயின் பின்மூலைக் கயிறு) பாயை இரண்டு மூன்று முறை சுற்ற வேண்டும். சுருட்டும்போது ஷீட்டை லேசாகப் பிடித்திருங்கள். வின்ச்சை (கயிற்றை இழுக்கும் சுழல் உருளையை) தொடாதீர்கள்.

பாதி சுருட்டிய ஜிப் பைபோல உப்புகிறது. ஃபர்லரில் கோளாறா?

மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்த வகை ஃபர்லர் என்று மூவருமே எழுதவில்லை! நீங்கள் சொல்லும் விலையைப் பார்த்தால் கீழே டிரம், மேலே ஸ்விவல் (தடையின்றிச் சுழலும் இணைப்பு), நடுவில் பாயின் லஃப்புக்குள் (முன்விளிம்புக்குள்) கம்பி, அந்த வகையாகத்தான் இருக்கும். அது முழுதாகச் சுருட்ட, முழுதாக விரிக்க மட்டும். ரீஃப் செய்ய (பலத்த காற்றில் பாயைக் குறைத்து ஓட்ட) அல்ல. டிரம் சுழலும்போது கம்பி முறுக்கிக்கொள்கிறது. அடிப்பகுதி பல சுற்று சுருண்ட பிறகே தலை அசையும். அந்த நிலையில் ஓட்டினால் லஃப் தொய்ந்து, தட்டையான பாய் வேண்டிய நேரத்தில் உப்பிய பாய் கிடைக்கும். முறுக்கி முறுக்கிக் கம்பியின் இழைகளும் அறும். "ரீஃபும் செய்யலாம்" என்று சொல்லி விற்பவர்களை என்ன சொல்ல! ரீஃப் வேண்டுமென்றால் ஃபோர்ஸ்டே மேல் ஏறும் ஃபாயில் (லஃப்பைப் பிடித்துச் சுழற்றும் நீண்ட உறை) வேண்டும். அலுமினியத்துக்குக் காசில்லாவிட்டால் சி.டி.ஐ. நிறுவனத்தினுடையது போல வளையும் பி.வி.சி. ஃபாயில் இருக்கிறது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் வடிவம் போய்விடும்; லஃப்பில் நுரைப்பட்டை தைத்தால் கொஞ்சம் தேறும். கம்பி ஃபர்லரோடு இருப்பவர்கள் பலத்த காற்றுக்குப் பழைய சின்ன ஜிப் ஒன்றை வாங்கி வையுங்கள்.

தண்ணீர்க் குழாயை ஃபோர்ஸ்டேயில் கோத்து ஃபாயில் செய்யலாமா?

முழுதாகச் சுருட்ட மட்டும் ஓடும். இணைப்புகள்தான் முதலில் வழுக்கும். வெயிலில் குழாய் நொறுங்கும். சீசனுக்கு ஒருமுறை விரிசல் பாருங்கள்.

சுருட்டும் கயிறு பாதியில் நின்றுவிடுகிறது. வின்ச் போடலாமா?

கூடாது. நிமிர்ந்து பாருங்கள்: ஹாலியார்டு ஃபோர்ஸ்டேயைச் சுற்றியிருக்கும். வின்ச்சால் இழுத்தால் ஃபோர்ஸ்டேயின் இழை பிரிந்து பாய்மரமே சாயும். அப்படிச் சுற்றாமலிருக்க, ஸ்விவலிலிருந்து ஹாலியார்டு பாய்மரத்தை நோக்கி சுமார் 10 பாகை பின்சாய்ந்து போக வேண்டும்.

கம்பி லஃப் இருக்கும்போது ஃபோர்ஸ்டேயைக் கழற்றலாமா?

ஹாலியார்டு கிளீட் நழுவினால் மரம் உங்கள் தலையில். கழற்றாதீர்கள்.