குழந்தைக்கு அடிபட்டால்: டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 4 வயது, இளையவனுக்கு 10 மாதம். போன வாரம் மூத்தவள் கையில் சூடான டீ கொட்டிவிட்டது. நான் குழாய்க்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் மாமியார் பற்பசையைத் தடவிவிட்டார். புண் ஆறிவிட்டது. ஆனால் அன்று யார் சொன்னது சரி என்ற குழப்பம் மட்டும் தீரவில்லை. சின்னவன் வேறு கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் போடுகிறான். தொண்டையில் ஏதாவது சிக்கினால், தலையில் அடிபட்டால், காய்ச்சலில் வலிப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வது? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: குழாயை நோக்கி ஓடிய நீங்கள்தான் சரி. கொதிக்கும் திரவத்தைத் துடைத்துவிட்டாலும் தோலுக்குள் இறங்கிய சூடு உடனே போய்விடாது; இன்னும் ஆழமாகத் திசுக்களைப் பொசுக்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுக்கக் குளிர்ந்த, ஓடும் தண்ணீரைப் போல வேறொன்று இல்லை. எவ்வளவு நேரம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் காட்ட வேண்டும். குழந்தை திமிறும், சட்டை நனையும், பக்கத்தில் இருப்பவர்கள் 'போதும், போதும்' என்பார்கள். அதையெல்லாம் மீறி 20 நிமிடம். உடனே காட்ட முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. அதனால் பற்பசை தடவிய பிறகுகூட அதைக் கழுவிவிட்டுத் தண்ணீரில் காட்டியிருக்கலாம்.

ஐஸ் வைக்காதீர்கள். அந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் காயம் இன்னும் ஆழமாகும். சின்னக் குழந்தைக்கு உடல் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதால் சுட்ட இடத்தை மட்டும் தண்ணீரில் காட்டி, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். நனைந்த துணியும் டயப்பரும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்கக் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

பற்பசை, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் சூட்டை உள்ளேயே மூடி வைக்கும். டாக்டர் புண்ணின் ஆழத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும்; குழந்தைக்கு அது இரண்டாவது வேதனை. உங்கள் மாமியாரையும் குறை சொல்வதற்கில்லை. பற்பசையில் உள்ள மென்தால் சில்லென்று இருப்பதால் குழந்தையின் அழுகை கொஞ்சம் அடங்கும், பார்ப்பவர்களுக்கு அது வேலை செய்கிறது என்றே தோன்றும். இதைச் சொல்லிப் புரியவையுங்கள். அடுத்த முறை அவர் வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட நடக்கலாம்.

தண்ணீரில் காட்டி முடித்ததும் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் நீளவாக்கில் வையுங்கள். சுற்றிக் கட்டினால் வீங்கும்போது இறுக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொப்புளம் வந்தாலே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. புண் குழந்தையின் கையளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இருந்தாலோ, மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ ஏற்பட்டிருந்தாலோ நேராக மருத்துவமனைக்குத்தான். வெளுத்தோ கருகியோ போய் வலியே இல்லாத புண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வலி நரம்புகளும் சேர்ந்து வெந்துவிட்டதால்தான் வலி இல்லை.

அடுத்தது தொண்டையில் சிக்குவது. இங்கே முதலில் காதைத் தீட்டுங்கள். குழந்தை பலமாக இருமுகிறதா, சத்தம் போட்டு அழுகிறதா? அப்படியானால் காற்று போய்வருகிறது. இருமட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். முதுகில் அடிக்கவோ வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவோ வேண்டாம். துழாவும் விரல் பொருளை இன்னும் உள்ளே தள்ளிவிடும். பயப்பட வேண்டியது சத்தம் நின்றுபோகும்போது: இருமல் வரவில்லை, அழுகை எழவில்லை, முகம் நீலமாகிறது. அப்போது யோசிக்க நேரமில்லை.

உங்கள் 10 மாதக் குழந்தையை முன்னங்கையின் மேல் குப்புறப் போட்டு, தாடையைக் கையால் தாங்கி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடியுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை அழுத்தமாகத் தட்ட வேண்டும். வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே மார்பெலும்பின் மேல் 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றை மட்டும் அழுத்தவே கூடாது, கல்லீரல் கிழிந்துபோகலாம்.

மூத்தவளுக்கு முறை சற்று வேறு. முன்னால் குனிய வைத்து அதே போல முதுகில் 5 தட்டு. அப்புறம் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் நுனிக்கும் இடையே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை இழுங்கள். 1974-ல் ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய முறை இது. வயிற்றை அழுத்தி வெளியே எடுத்திருந்தால், குழந்தை சிரித்து விளையாடினாலும் அன்றே டாக்டர் ஒரு முறை பார்க்க வேண்டும். உள்காயம் வெளியே தெரியாது.

எது செய்தும் குழந்தை துவண்டு நினைவிழந்துவிட்டால் தரையில் கிடத்துங்கள். ஒருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும். நீங்கள் வாய்க்குள் பாருங்கள், கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் எடுங்கள். தலையை லேசாக நிமிர்த்தி 5 முறை மூச்சு ஊதிவிட்டு, மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். கைக்குழந்தைக்கு அது சுமார் 4 செ.மீ., பெரிய குழந்தைக்கு 5 செ.மீ. தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் இதே முறைதான். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள்.

இந்த இரண்டு பத்திகளையும் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பலமாக அழுத்துவது என்பது பொம்மையின் மேல் கை வைத்துப் பழகினால்தான் வரும். முதலுதவிப் பெட்டிக்குச் செலவழிப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வாருங்கள்.

வாயில் போடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்டமான சின்ன பட்டன் பேட்டரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. அது உடைந்து ஒழுகினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். உணவுக்குழாயின் ஈரத்தில் பட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்திலேயே கடுமையான காரம் உருவாகி, 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். 'தீர்ந்துபோன' பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். குழந்தையோ கொஞ்சம் எச்சில் வடிக்கும், சாப்பிட மறுக்கும், அவ்வளவுதான். சில நேரம் அதுவும் இருக்காது. சந்தேகம் வந்தாலே, அடையாளம் தெரியும்வரை காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. அது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தேனைத் தேடிக்கொண்டு கிளம்பத் தாமதிக்காதீர்கள். உங்கள் சின்னவனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை, அவனுக்குத் தேன் கூடாது. வேறு எதையும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். மூக்கிலோ காதிலோ பேட்டரியைப் போட்டுக்கொண்டாலும் அவசரம்தான். காந்தங்களை ஒன்றுக்கு மேல் விழுங்கியிருந்தாலும் இதே அவசரம்: குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

மண்ணெண்ணெய், கழிப்பறை கழுவும் திரவம், மாத்திரை என்று எதைக் குடித்தாலும் விழுங்கினாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரிக்கும் திரவம் மேலே வரும்போது இரண்டாம் முறை சுடும். எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். வாந்திக்கென்றே ஒரு காலத்தில் வீடுகளில் வைத்திருந்த இபிகாக் மருந்தைக்கூட 2003-லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குடித்த பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

தலையில் அடி. விழுந்தவுடன் அழுது, சற்று நேரத்தில் சமாதானமாகி வழக்கம்போல விளையாடினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. துணியில் சுற்றிய ஐஸை வீக்கத்தின் மேல் வைக்கலாம் (தீப்புண்ணுக்குத்தான் ஐஸ் கூடாது). 'தூங்கவிடாதே' என்று யாராவது சொல்வார்கள். தூங்கும் நேரம் என்றால் தூங்கட்டும். அன்று இரவு இரண்டொரு தடவை தொட்டுப் பாருங்கள், முனகிப் புரண்டு உங்கள் கையைத் தட்டிவிட்டால் சரி. நினைவு தப்பியது, மறுபடி மறுபடி வாந்தி, எழுப்ப எழுப்ப மயக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வருவது, நடை தள்ளாடுவது, கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தலையில் அடிபட்டால் அறிகுறி இல்லாவிட்டாலும் நான் பார்க்கவே விரும்புவேன். முதல் 2 நாள் கவனித்துக்கொண்டிருங்கள்.

காய்ச்சல் வலிப்பைப் பார்க்கும் பெற்றோருக்குக் குழந்தை போய்விட்டது என்றே தோன்றும். 6 மாதம் முதல் 5 வயது வரை, நூற்றுக்கு 2 முதல் 5 குழந்தைகளுக்கு வருவது இது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளையையும் பாதிக்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள கடினமான பொருட்களை நகர்த்துங்கள், மணியைப் பாருங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. நாக்கை விழுங்கிவிடும் என்பது கட்டுக்கதை. 5 நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ ஆம்புலன்ஸ். முதல் வலிப்பு என்றால் தானாக நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், காய்ச்சலுக்கு மூளைக்காய்ச்சல் காரணமா என்று தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் கேட்காத சிலவும் உண்டு. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் திறந்து பார்க்க வேண்டாம். வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தினால் போதும், குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்பப் பொருத்த முடியும். பால் பல்லைத் திரும்ப வைப்பதில்லை. நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, கீறல்தான் என்றாலும் அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை நீளமான பட்டியல் தேவையில்லை. காயத்தில் ஒட்டாத காஸ் துணி, சுற்றும் பேண்டேஜ், சின்ன பிளாஸ்திரி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பொட்டலம், பாராசிட்டமால் சிரப், அதை அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சு. பிளாஸ்டிக் தாள் சமையலறையிலேயே இருக்கும். ஆஸ்பிரின் வேண்டாம், 16 வயதுக்குக் கீழ் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரைஸ் சிண்ட்ரோம் (Reye's syndrome) என்ற நோயின் அபாயம் உண்டு. பாராசிட்டமாலின் அளவை வயதைவிட எடை பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சிரப்பிலும் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது மாறும், கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து பெரும்பாலும் செறிவு கூடியது. உங்கள் டாக்டரிடம் கேட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அதன் கீழேயே ஆம்புலன்ஸ் எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கட்டும், போன் செய்பவர் பதற்றத்தில் தெருப் பெயரையே மறந்துவிடுவார். சின்னவன் வேகமாக எடை போடும் வயது, அவனுடைய அளவை ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் திருத்தி எழுதுங்கள்.