கம்பு பிடிக்கும் முன் ஆசிரியரைப் பாருங்கள்

பிலிப்பைன்ஸ் தற்காப்புக் கலைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். வேலை நிமித்தம் செபு நகரில் இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட கலை இது. இப்போதும் விடாமல் பயிற்சி செய்கிறேன்.

என் மகள் பிலிப்பைன்ஸில் தாவாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். சீனியர்களோடு ஆர்னிஸ் வகுப்பில் சேரப்போவதாகச் சொல்கிறாள். குச்சியால் அடித்துக்கொள்ளும் விளையாட்டாமே, அனுப்பலாமா? ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- ஒரு தாய், ஈரோடு

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் எல்லாம் ஒரே குடும்பம்தான். 2009 டிசம்பரில் சட்டம் போட்டு அதை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் கற்கிறார்கள். அதனால் வகுப்புக்குப் பஞ்சம் இருக்காது. எந்த வகுப்பு என்பதில்தான் கவனம் வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் எவ்வளவு வேகமாகக் கம்பு சுழற்றுகிறார் என்று பார்க்க வேண்டாம். அது எல்லாருக்கும் வரும். புதிதாக வந்த பிள்ளைக்கு அவர் எப்படி அடி கொடுக்கிறார் என்று பார்க்கட்டும். ஆர்னிஸில் பாதிப் பயிற்சி இருவர் எதிரெதிரே நின்று செய்வது. ஒருவர் அடி கொடுப்பார், மற்றவர் தடுத்துத் திருப்பி அடிப்பார். நல்ல ஆசிரியர் கொடுக்கும் அடி மெதுவாக வந்தாலும் குறி தப்பாது. தடுக்காவிட்டால் நெற்றியில் வந்து தொடும். பிள்ளைக்குப் பழகப் பழக வேகத்தைக் கூட்டுவார். மோசமான ஆசிரியரோ தலைக்கு அரை அடி தள்ளிக் காற்றில் அடிப்பார். மாணவனும் வராத அடியை அழகாகத் தடுப்பான். அப்படி எத்தனை வருடம் பழகினாலும் ஒன்றும் வராது.

அடுத்தது கம்பு பிடிக்காத கை. இந்தக் கலையில் பாதி வேலை அதற்குத்தான். எதிராளியின் மணிக்கட்டை அமுக்குவது, கம்பைப் பறிப்பது, வழியை அடைப்பது எல்லாம் அந்தக் கைதான். செபுவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர், தகரக் கூரை போட்ட கொல்லைப்புறத்தில் வகுப்பு நடத்தினார். யாருடைய இடது கையாவது தொங்கிப் போனால் கம்பு நுனியால் அந்தக் கையை லேசாகத் தட்டி மார்புக்கு நேரே தூக்கி வைத்துவிட்டு, பேசாமல் அடுத்த அடியைக் கொடுப்பார். வாரம் ஒருமுறை மகளிடம் போனில் கேளுங்கள்: "இன்னைக்கு உன் இடது கையைப் பத்தி சார் என்ன சொன்னார்?" அவளிடம் பதில் இருந்தால் வகுப்பு சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் பயம் புரிகிறது. அடிபடுவதில் முதலிடம் விரல்களுக்குத்தான், அதுவும் டாக்டராகப் போகிற பெண்ணின் விரல்கள். பழைய முறையில் கம்பு பிடித்த கையையே குறிவைத்து அடித்துப் பழகினார்கள். நெக்ரோஸ் தீவின் ஹினிகரான் ஊரில் பிறந்த ரெமி பிரெசாஸ் இதை மாற்றினார். பயிற்சியில் கையை அடிக்காமல் கம்பைக் கம்பால் அடிக்க வைத்தார். அவர் வகுத்த முறைக்கு மாடர்ன் ஆர்னிஸ் என்று பெயர். உங்கள் மகள் அந்த வழியில் வந்த வகுப்பில் தொடங்குவது நல்லது. சுமார் 28 அங்குலப் பிரம்பு போதும். பிரம்பு உடைந்தாலும் நாராகப் பிரியுமே தவிர இரண்டாக ஒடிந்து கூராக நிற்காது. சிராய் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கமகோங் மரக்கம்பு அழகாக இருக்கும். நம் கருங்காலிக்கு உறவுக்கார மரம், நல்ல கனம். அது இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்று. பல மாதங்களாக நிலைத்து வருகிற பெண்கள் அந்த வகுப்பில் இருக்கிறார்களா என்று பார்க்கட்டும். மாதக் கட்டணம் நியாயம். ஒரு வருடத்துக்கு முன்பணம், காசு கட்டினால் கறுப்பு பெல்ட் என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடட்டும். என்னிடமும் ஒருவர் பட்டத்துக்கு விலை சொன்னார். அங்கே நான் மறுபடி போகவில்லை.

சோழர் காலத்தில் கடல் கடந்து போன நம் சிலம்பம்தான் ஆர்னிஸ் ஆனது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு சிலம்ப மாணவர், திருநெல்வேலி

தம்பி, அதற்கு ஆதாரம் இல்லை. இந்தியத் தொடர்பு இருந்தது நிஜம்தான். பிலிப்பைன்ஸின் லகுனாவில் கிடைத்த செப்பேட்டில் சக ஆண்டு 822, அதாவது பொது ஆண்டு 900, குறிக்கப்பட்டிருக்கிறது. வடமொழிச் சொற்களும் அதில் உண்டு. ஆனால் அது ஒரு கடன் தீர்ந்ததைச் சொல்லும் பட்டயம். கம்புச் சண்டை பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. இன்றைய ஆர்னிஸில் ஸ்பானிய வாடைதான் தூக்கலாகத் தெரிகிறது. ஒரு கையில் வாள், மறு கையில் குத்துவாள் பிடிக்கும் எஸ்பாதா இ தாகா, தூரத்தைக் குறிக்கும் லார்கோ, மெதியோ, கோர்தோ எல்லாம் ஸ்பானியச் சொற்கள். அங்கேயும் இதுபோல் பெருமைக் கதைகள் உண்டு. 1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவின் கரையில் உள்ளூர்த் தலைவர் லாபுலாபுவின் ஆட்கள் மகெல்லனைக் கொன்றது இந்தக் கலையால்தான் என்பார்கள். மகெல்லனோடு கூடவே இருந்த பிகஃபெத்தா எழுதி வைத்ததில் மூங்கில் ஈட்டியும் அம்பும் வாளும் வருகின்றன. இன்று வகுப்பில் சொல்லித்தரும் முறை எதுவும் வரவில்லை. சிலம்பத்துக்குத் தனிப் பெருமை உண்டு, இன்னொரு நாட்டுக் கலைக்குத் தாயாகித்தான் அது உயர வேண்டியதில்லை.

உங்களுக்கு மணிக்கட்டும் கால்வரிசையும் சீக்கிரம் கைகொடுக்கும். கஷ்டம் தூரத்தில் இருக்கிறது. நீளக் கம்பால் ஆளை எட்ட நிறுத்திப் பழகியவர்களுக்கு, எதிராளியின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் நிற்கவே சில வாரம் பிடிக்கும். கால் தானாகப் பின்னால் போகும். அதை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் செபு போகிறேன். தோசே பாரெஸ், பலின்தவாக் என்ற இரண்டு ஆர்னிஸ் முறைகளில் எதைக் கற்கலாம்?
- மென்பொருள் பணியாளர், சென்னை

தோசே பாரெஸ் 1932-இல் செபுவில் தொடங்கியது. ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, கத்தி, போட்டி என்று பெரிய கடல். அந்த வட்டத்திலிருந்து பிரிந்து, 1952-இல் அன்சியோங் பேகோன் தொடங்கியது பலின்தவாக். ஒரு கடிகாரம் பழுதுபார்க்கும் கடையின் பின்கட்டில் கூடினார்கள். அந்தத் தெருவின் பெயரே முறைக்கும் பெயரானது. ஒற்றைக் கம்பு, நெருக்கமான தூரம், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் என்றால் நான் பலின்தவாக்கைச் சொல்வேன். அங்கே ஆசிரியர் உங்கள் ஒருவருக்கு மட்டும் எதிரில் நின்று அடி கொடுத்துக்கொண்டே இருப்பார். அதை அகாக் என்கிறார்கள். எந்த அடி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும், உங்கள் பலவீனம் அவருக்கு முழுக்கத் தெரிந்துவிடும். கூட்ட வகுப்பில் அது கிடைக்காது. மாலைச் சாப்பாட்டு விருந்துகளைக் குறைத்துக்கொண்டு தினமும் போங்கள். திரும்பும்போது பிரம்பைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

வயது 58, முழங்கால் வலி உண்டு. இனிமேல் கற்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

கற்கலாம் அம்மா. தோசே பாரெஸின் ஆசிரியர் ககோய் கன்யெட்டே 1919-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். தொண்ணூறைத் தாண்டியும் கம்பு அவர் கையில்தான் இருந்தது. இரண்டு கைகளிலும் கம்பு பிடித்துப் பின்னல் போல மாறி மாறித் தட்டும் சினவாலியில் தொடங்குங்கள். நின்ற இடத்திலேயே செய்யலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஆசிரியர் இல்லை. வீடியோ பார்த்தே கற்க முடியுமா? வார இறுதிப் பட்டறை நடத்திச் சான்றிதழ் தருகிறவர்களை நம்பலாமா?
- கல்லூரி மாணவர், மதுரை

வீடியோவில் அடியின் வடிவம் தெரியும், நேரம் தெரியாது. நேரம்தான் இந்தக் கலை. ஆனால் சும்மா இருக்க வேண்டாம். ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டு, அடிப்படை அடிகளைத் தினம் இரண்டு கையாலும் அடியுங்கள்.

பட்டறை என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ரெமி பிரெசாஸ் அமெரிக்காவில் இந்தக் கலையைப் பரப்பியதே பெரும்பாலும் பட்டறைகள், முகாம்கள் மூலம்தான். அதற்கு முன் 1966-இல் ஏஞ்சல் கபாலெஸ் என்ற ஆசிரியர் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டார். அதுவரை பண்ணைத் தொழிலாளர்களாகப் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் அதைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். கதவு திறந்தது நல்லதுதான். சிக்கல் எங்கே என்றால், இரண்டு நாள் பட்டறைக்குப் போனவர் மூன்றாம் நாள் தன் பெயருக்கு முன் குரோ, அதாவது ஆசிரியர், என்று போட்டுக்கொள்வதில். அவரிடம் மரியாதையாக இதைக் கேளுங்கள்: "சார், நீங்க யாருகிட்ட வாராவாரம் பழகுனீங்க? இப்பவும் போறீங்களா?" ஆசிரியரின் பெயரைச் சொல்லி, பேசிப் பார்க்க எண்ணும் கொடுத்தால் சேருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களைக் காட்டினால், பட்டறைக் கட்டணத்தைச் சேமித்து வைத்து, விடுமுறையில் மாதக்கணக்கில் தங்கிக் கற்கக்கூடிய ஊருக்குப் போங்கள்.