புதிதாக வீடியோ கேமரா வாங்கியிருக்கிறேன். எந்த செட்டிங்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்?

யாங்கோனில் கலியாண மண்டபத்தில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறது, அடுத்து கோயில் தீமிதியை எடுக்கப் போகிறேன் என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஷட்டரில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதில், ஆரம்பியுங்கள் தம்பி. அபர்ச்சர் (லென்ஸின் துளை அளவு), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) எல்லாம் பிறகு பார்க்கலாம்.

நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சாதாரண ட்யூப்லைட் அதற்கேற்ப விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடி இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் போகும். 1/60 வைத்தால் கணக்கு உதைக்கும், பட்டை ஓடும்.

சரி, 1/60 எங்கிருந்து வந்தது? இந்தியாவிலும் தாய்லாந்திலும் டி.வி. பால் (PAL) என்ற 25/50 கணக்கு முறையில் வந்தது. பர்மாவில் மட்டும் 30/60 கணக்கில் ஓடும் என்.டி.எஸ்.சி. கரண்ட் 50, டி.வி. 60 என்ற விசித்திரமான ஊர் நம்முடையது. இங்கே கிடைக்கும் ஜப்பான் கேமராக்களும் அதே என்.டி.எஸ்.சி.தான். ஃபிரேம் ரேட் 30 அல்லது 60-இல் இருக்கும், ஆட்டோவில் விட்டால் ஷட்டர் தானாக 1/60-க்குப் போய் உட்காரும். (ஜப்பானிலேயே டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. டோக்கியோக்காரர்களுக்கும் இதே தலைவலிதான்.)

ஆகவே ஷட்டரை மேனுவலுக்கு மாற்றி, 30 ஃபிரேம் என்றால் 1/50, 60 ஃபிரேம் என்றால் 1/100 வையுங்கள். மெனுவில் பால் இருந்தால் 25 ஃபிரேமும் 1/50-உம் இன்னும் நல்லது. மாற்றும்போது சில கேமராக்கள் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும், பழைய ஃபுட்டேஜை முதலில் இறக்கிவிடுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் இதுவும் கைகொடுக்காது. லோடு ஏறும்போது எஞ்சின் வேகம் குறையும், 50 என்பது 48, 49 ஆகும், பட்டை மெதுவாக நகர ஆரம்பிக்கும். கிளியர் ஸ்கேன் மாதிரி ஷட்டரை நுணுக்கமாக மாற்றும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், பட்டை நிற்கும் வரை நகர்த்துங்கள். கோபுரத்து சீரியல் லைட்டுக்கும் இதே வைத்தியம்தான். சில எல்.இ.டி. எதற்கும் மசியாது, அதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட வேண்டியதுதான்.

ஷட்டரை இப்படிக் கட்டிப்போட்டுவிட்டால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அபர்ச்சர், ஐ.எஸ்.ஓ. இரண்டுதான் மிச்சம். இரவில் அபர்ச்சரை முழுக்கத் திறந்துவிட்டு, போதாததற்கு மட்டும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். பகல் வெயிலில் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்றால் அபர்ச்சரை எஃப்/22 வரை மூட வேண்டிவரும் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), படம் கூர்மை இழந்து மொத்தையாகிவிடும். வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைக்கும் என்.டி.64 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் போட்டால் எஃப்/2.8-லேயே எடுக்கலாம். இன்னொரு லென்ஸுக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

வெளிச்சம் பார்க்க ஸீப்ராவை, அதாவது திரையில் அதிக வெளிச்சமான இடத்தில் கோடு காட்டும் வசதியை, போட்டுக்கொள்வீர்கள். ஆனால் கன்னத்தில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த வெளிர்மஞ்சள் பூச்சு) பூசிய பெண்கள் நம் கூட்டத்தில் நிறைய. ஸீப்ராக் கோடு முதலில் அந்தத் தனாக்கா மேல்தான் விழும். அதை நம்பிக் குறைத்தால் முகத்தின் மற்றப் பகுதி கறுத்துப்போகும். தனாக்கா படாத நெற்றியை, மூக்கை வைத்து அளவெடுங்கள்.

தீமிதிக்கு ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சீரமைப்பு, கெல்வின் எண்ணில் வைப்பது) ஆட்டோவில் விடவே கூடாது. ஃபிரேமில் மஞ்சள் நனைத்த வேட்டிகள் நிறைந்ததும் கேமரா அந்த மஞ்சளைத் தவறென்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். துணி வெளுக்கும், முகம் நீலம் பாரிக்கும். அடுத்த நொடி ஃபிரேமில் வேறு ஏதாவது வந்தால் மறுபடி மாறும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வதற்குள் விடிந்துவிடும். குழியைச் சுற்றி வெள்ளை எல்.இ.டி. என்றால் 5600 கெல்வினில் பூட்டுங்கள், தணல் சிவப்பாகவே நிற்கும். பழைய ஹாலஜன் ஃபோகஸ் லைட் என்றால் 5600-இல் படம் ஆரஞ்சாக வழியும். அங்கே நான் 4300 பக்கம் வைப்பேன், கொஞ்சம் சூடு படத்தில் இருக்கட்டும்.

ஃபோகஸ் ஆட்டோவில் இருக்கலாம், புகை அடர்ந்தால் மட்டும் மேனுவலுக்கு மாறுங்கள். ஆடியோ லெவலையும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் விட்டால் தவில் அடி விழும் ஒவ்வொரு முறையும் நாதஸ்வரம் அமுங்கும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும்.